ஒரே குழாயில் இரண்டு மூச்சு

நாற்பத்தொரு கோடியே ஏழு லட்சத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி. ஈர உலகம் வறண்ட உலகத்துக்குத் தர வேண்டிய பாக்கி அது. கட்ட வழியில்லை என்று ஈர உலகத்துத் தூதம்மா மாநாட்டில் வாய் திறந்தால் போதும், கடனுக்கு வாங்கிய காற்று இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் அவள் பிள்ளைகள் மூன்றும் மூச்சுக்குத் திண்டாட வேண்டியதுதான்.

கடன் கொடுத்தவரையும் வாங்கியவளையும் மாநாட்டுக்குப் போகும் ஒரே விண்கப்பலில், அடுத்தடுத்த அறையில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். வறண்ட உலகத்துத் தூதர் கிழவர். உடம்பெல்லாம் செதில், பேச்செல்லாம் முள். செதிலார் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். ஐந்து நாளாக அவளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறாம் நாள் அவள் அறைக் காற்றுக் குழாய் வெடித்தது. கழுத்துச் செவுள்கள் படபடக்கத் தரையில் விழுந்தாள். ஓடிவந்த குழாய் வேலைக்காரியிடம் மாற்றுக் குழாய் இல்லை. செதிலார் அறைக் குழாயிலிருந்தே ஒரு கிளை பிரித்து அவள் வாயில் வைத்தாள். தூதம்மாவுக்கு உயிர் வந்தது. அவள் விட்ட மூச்சோ அதே குழாய் வழியே பக்கத்து அறைக்குப் போனது.

செதிலார் கதவை உதைத்துக்கொண்டு வந்தார்.

"என்னடி பண்ணி வச்சிருக்க? இவ விட்ட மூச்சை நான் இழுத்துட்டேன்!"

"கொஞ்சம் ஈரமா இருக்கும், அவ்வளவுதானேங்கய்யா?" என்றாள் வேலைக்காரி.

"எங்க ஊர்ல ஒரே மூச்சை இழுத்தவங்க கூடப்பொறந்தவங்க. கூடப்பொறந்தவங்ககிட்ட கொடுத்த கடனைத் திருப்பிக் கேக்கக் கூடாது. தெரியுமா உனக்கு?"

"எனக்குக் குழாய்தான்யா தெரியும்."

அவர் கை கிளைக்குழாயின் வால்வுக்குப் போனது. "குழாய் வெடிச்சுது, இவ செத்துட்டான்னு சொல்லிடு. கூடப்பொறப்பும் அவளோட போகும்."

"அய்யோ, வேணாம்யா!"

தூதம்மா தானே வாயிலிருந்து குழாயை எடுத்தாள்.

"மூடிடுங்க. நான் போனாப் போறேன். எங்க பிள்ளைங்களுக்கு அந்தக் காத்து மெஷினை ஒரு வருஷம் மட்டும்…"

அதற்குமேல் பேச்சு வரவில்லை. செவுள்கள் நீலமாயின. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வேலைக்காரியின் அழுகை எங்கோ தொலைவில் கேட்டது. வால்வின் மேலிருந்த கை மூடவுமில்லை, விலகவுமில்லை.

"எடுத்து வாயில வைடி, கழுதை!" செதிலார் கத்தினார். "பெரியவன் சொன்னா கேக்க மாட்டியா?"

குழாயை அவரே அவள் வாயில் திணித்தார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஊருக்குப் போனா என்னை உயிரோட விட மாட்டானுங்க. என்ன பண்றது, என்கூடப் பொறந்து தொலைச்சிட்ட."

மடியிலிருந்து கடன் தகட்டை எடுத்து, தொகையின் மேல் நகத்தால் குறுக்கே கீறினார். நகம் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை அழுத்திக் கீறினார்.