பொதுவாக ஒரு மாஃப்

பெருநாள் பிரியாணி அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த மறுநாளே நான் மறுபடியும் நோன்பு வைத்துவிட்டேன். ஷவ்வால் மாதத்து ஆறு நோன்பு. ஆம்பூரில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் இரண்டு வைத்ததும் தலைவலி, வெயில் என்று விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். ஆறு முடிந்த பிறகும் திங்கள், வியாழன் தவறாது. ஐந்து வருஷமாக இப்படித்தான்.

ஷூ கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் தைக்கும் பாக்யலட்சுமிக்கு இது தாங்கவில்லை. சாப்பாட்டு பெல் அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டு என்னைப் பார்ப்பாள்.

"நோன்புதான் முடிஞ்சிச்சே கௌசர், இன்னும் இன்னாத்துக்கு வயித்தக் காயப்போடுற?"

"எனக்கு ஒரு வேண்டுதல் இருக்குது."

"நீ நல்லவடி. நான்லாம் ஒரு சஷ்டிக்கே மயக்கம் போட்டுடுவேன்."

நல்லவளாம்! என் வேண்டுதல் என்னவென்று தெரிந்தால் வேறு லைனுக்கு மாற்றல் கேட்டுப் போயிருப்பாள். நோன்பு திறக்கிற நேரத்தில் கேட்கும் துஆ வீண்போகாது என்று பயான் பேசுகிறவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நேரத்தில் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். யா அல்லாஹ், கவுஸ் பாஷாவை விடாதே.

கவுஸ் பாஷா எங்கள் தெருவில் தோல் குடோன் வைத்திருப்பவர். முதல் லாக்டவுனில், ரமலான் பத்தாவது நோன்பன்று, என் வீட்டுக்காரர் அப்துல் சமதுக்கு நெஞ்சுவலி வந்தது. தெருமுனையில் தகரம் அடித்து, நடுவில் கேட் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டது. தெருவுக்குப் பொறுப்பாளர் கவுஸ் பாஷா. சாவி கேட்டு அவர் காலில் விழாத குறை. "ஆபீசர் எடுத்துட்டுப் போய்ட்டாரும்மா" என்றார். சமதை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு பின்சந்து வழியாகச் சுற்றிப் போனோம். ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே கண் செருகிவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

மறுநாள் காலையில் லாரிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். உப்புப் போட்ட தோல் லோடு அதே கேட் வழியாகக் குடோனுக்குப் போய்க்கொண்டிருந்தது. கவுஸ் பாஷா கேட்டைப் பூட்டிச் சாவியை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்ததைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. துக்கத்தில் உளறுகிறாள் என்றார்கள். ஜமாத்தில் அவர் பெரிய மனிதர்.

லாக்டவுன் முடிந்து தகரத்தைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கடைகள் திறந்தன, கல்யாண மண்டபங்கள் நிரம்பின. அந்த நாட்களில்தான் மனிதர்களின் அருமை தெரிந்தது என்று எல்லாரும் உருகினார்கள். எனக்குத் தெரிந்தது தோலின் அருமை மட்டும்தான்.

இந்த வருஷம் கவுஸ் பாஷா ஹஜ்ஜுக்குப் போகிறார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய் மாஃப் கேட்பது எங்கள் வழக்கம். மனிதருக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதர் மன்னிக்காமல் அல்லாஹ்வும் மன்னிப்பதில்லை. ஆனால் யாரும் குற்றத்தைச் சொல்லிக் கேட்பதில்லை. தெரிந்தோ தெரியாமலோ என்று ஒரு வாக்கியம், நீங்களும் எங்களை மாஃப் பண்ணுங்கள் என்று ஒரு பதில். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஆறாவது நோன்பன்று, நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்குச் சற்று முன்னால், அவரும் அவர் மனைவி சுகரா பேகமும் என் வீட்டுக்கு வந்தார்கள். துஆவில் நான் கேட்டுக்கொண்டே இருந்தது வாசலுக்கே வந்துவிட்டது. நாற்காலி எடுத்துப் போட்டேன்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"எது தெரிஞ்சு பாய், எது தெரியாம?"

சிரித்தார். "பொதுவா சொல்றதுதானேம்மா."

"பொதுவா எல்லார் வீட்லயும் வாங்கிட்டீங்க. இங்க பேர் சொல்லிக் கேளுங்க. சமதுக்கு இன்னா பண்ணீங்க?"

சுகரா பேகம் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நோன்பு திறக்க இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குது. அஞ்சு வருஷமா இந்த நேரத்துல உங்க பேரைத்தான் சொல்லிட்டிருக்கேன். இன்னிக்கு உங்க எதிர்லயே சொல்லட்டுமா?"

கையை ஏந்தினேன். அவருக்கு வேர்த்துவிட்டது.

"வேணாம்மா, வேணாம். சாவி என்கிட்டதான் இருந்துச்சு." என்றார். "எனக்கு லோடு வழியில வந்துட்டிருந்துச்சு. ஆம்புலன்ஸுக்குத் திறந்தா சாவி என்கிட்ட இருக்குறது போலீஸுக்குத் தெரிஞ்சிடும், சாவியைப் புடுங்கிக்குவாங்க, தோல் வெயில்ல கெட்டுடும்னு நெனச்சிட்டேன்."

எனக்கு இனித்தது. நோன்போடு பொய் சொல்லமாட்டேன், இனித்தது.

"ஆபீசர் எடுத்துட்டுப் போனாருன்னு என்கிட்டயும் சொன்னீங்களே!" என்றார் சுகரா பேகம். அவர் மனைவியின் பக்கம் திரும்பவில்லை.

"மாஃப் பண்ணிடும்மா. அடுத்த மாசம் கெளம்புறோம்."

"கேட்டுட்டீங்க இல்ல? போய்ட்டு வாங்க. நான் குடுக்கல."

"அப்போ என் ஹஜ்?"

"அது உங்க பேஜார்."

எழுந்தவர் செருப்பைக்கூட மாட்டாமல் வெறுங்காலோடு தெருவில் இறங்கிப் போனார். கூட நாலு பேர் பார்த்திருக்கலாமே என்று எனக்கு ஆசையாக இருந்தது. சுகரா பேகம் மட்டும் போகாமல் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் நிறைந்திருந்தன.

"அவருக்காக நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்மா. நீ குடுக்காதது நியாயம்தான். ஆனா ஹஜ்ல அரஃபா மைதானத்துல நின்னு சமத் தம்பிக்காக நான் துஆ செய்றேன். நோன்பு திறக்கும்போது தம்பிக்குத் தெனமும் இன்னா கேப்பே? சொல்லு, அதையே அங்க கேக்குறேன்."

வாயைத் திறந்தேன். எத்தனை திங்கள், எத்தனை வியாழன்! சமதின் கப்ருக் குழியில் வெளிச்சம் கொடு என்று ஒரு தடவை கேட்டிருக்கிறேனா? பாவத்தை மன்னித்துவிடு என்று? அந்த ஒரு நிமிஷத்தையும் கவுஸ் பாஷாவுக்கே கொடுத்திருக்கிறேன்.

"இன்னாம்மா, சொல்லு."

"நீங்களே பார்த்துக் கேளுங்க" என்றேன்.

அவர் போனதும் கதவைச் சாத்தினேன். அழுகை வந்தது. அதைவிட ஜாஸ்தியாகக் கோபம் வந்தது. உயிரை எடுத்தது போதாதென்று, சமதுக்குப் போயிருக்க வேண்டிய துஆவையும் அந்த மனிதர் எடுத்துக்கொண்டாரே! இதற்கும் அவருக்கு மாஃப் கிடையாது.

பாங்கு சொன்னார்கள். தண்ணீர் குடித்து நோன்பு திறந்தேன். இன்றைக்காவது சமதுக்குக் கேட்டுவிட வேண்டும் என்று கையை ஏந்தினேன். யா அல்லாஹ் என்றேன். அடுத்து என் வாயில் வந்தது கவுஸ் பாஷாவின் பெயர்.