தொழிற்சாலையை விட்டு வந்தபடி

கொழுந்தன் கொண்டுவந்த செய்தி சின்னதுதான். காரின் வழக்கமான பதிவு இந்த வருஷத்தோடு முடிகிறது. வயது கடந்துவிட்டதால் இனிப் புதுப்பிக்க மாட்டார்கள். ஒன்று, உடைத்து எடைக்குப் போட வேண்டும். இல்லையென்றால், அபூர்வமான பழைய வண்டிகளுக்குக் கொடுக்கிற ஆன்டிக் நம்பர் பிளேட்டுக்கு மனுப் போட வேண்டும்.

“பிளேட் கிடைச்சிடும் அண்ணி. அண்ணன் வெச்சிருக்கிற அழகுக்கு யாரும் மாட்டேன்னு சொல்ல முடியாது,” என்றவன் கொஞ்சம் தயங்கினான். “ஆனா வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபடியே இருக்கணுமாம். நடுவுல நாம சேர்த்தது எதுவும் இருக்கக் கூடாதாம்.”

சொல்லிவிட்டு அவன் கார்க் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். அவன் பார்வை எங்கே போய் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். கியர் தண்டை ஒட்டி நிற்கும் மரக் கைப்பிடி. அதைக் கியர் தண்டோடு சேர்த்து அமுக்கினால் கீழே ஓர் இரும்புக் கம்பி கிளட்ச் பெடலை இழுத்துக்கொள்ளும். கால் வேண்டியதில்லை.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இடது காலை வாங்கிக்கொண்டு போயிருந்தது. தாங்கித் தாங்கி நடக்கலாம். எதையும் மிதித்து அழுத்த முடியாது. கல்யாணத்துக்கு முன்பே அவள் கணவரிடம் இந்தக் கார் இருந்தது. ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டி அது. கோழிகளைக் கிளப்பிவிட்டு இவர் வாங்கி வந்தார். கடைசல் பட்டறைக்காரர். இரும்பில் எதை நினைத்தாலும் செய்துவிடுவார். கல்யாணமான புதிதில் ஒருநாள், நீயும் ஓட்டு என்றார். அவள் காலைக் காட்டிச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஓர் ஈரச் சோப்புக் கட்டியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்து, இறுக்கிப் பிடி என்றார். விரல்களின் பள்ளம் பதிந்த அந்தச் சோப்பைப் பட்டறைக்கு எடுத்துப்போய், மரத்தில் அதே பள்ளங்களைக் குடைந்து எடுத்துவந்தார். கைப்பிடி முதல்முறை உள்ளங்கைக்குள் வந்தபோது அவளுக்குக் கூச்சமாக இருந்தது, நாலு பேர் பார்க்க யாரோ கையைப் பிடித்ததுபோல.

அதன்பிறகு ஓட்டுகிற வேலை அவளுடையதாகிவிட்டது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. காலையில் அவரைப் பட்டறை வாசலில் இறக்கிவிட்டுப் போவாள். பக்கத்து இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு, பொண்டாட்டி ஓட்டிப் புருஷன் போவதில் ஒரு தனி சுகம் இருப்பதாக அவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். கேலி செய்தவர்களை, உங்க வீட்டுல இப்படி ஒரு ஆள் இருக்கா என்று திருப்பிக் கேட்பார்.

இப்போது அவருக்கு மறதி. வயதானவர்களுக்கு வரும் சில்லறை மறதி இல்லை. அது கிட்டத்திலிருந்து தூரத்தை நோக்கித் தின்றுகொண்டே போனது. நேற்று போயிற்று. பட்டறையை விற்றது போயிற்று. இந்த வீடு கட்டியது போயிற்று. காரை வாங்கிய காலம் வரைக்கும் போய், அங்கே ஏதோ கெட்டியான தரை அகப்பட்டதுபோல நின்றுவிட்டது. அவளைக் கட்டிக்கொண்டது அதற்கு இந்தப் பக்கம்; அதுவும் போயிற்று.

அவர் அவளோடு மரியாதையாகப் பழகினார். சோறு போட்டால், போதுங்க என்பார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டால், உங்களுக்குச் சிரமம் என்பார். இத்தனை வருஷம் ‘ஏய்’ என்றும் ‘இங்க வா’ என்றும் கூப்பிட்ட வாயிலிருந்து வரும் அந்த ‘ங்க’வை அவளால் தாங்க முடியவில்லை. வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

கொழுந்தன் பேசியதைக் கேட்டுக்கொண்டே அவர் ஷெட்டுக்குள் வந்துவிட்டிருந்தார். தொழிற்சாலையை விட்டு வந்தபடி என்ற சொற்கள் அவருக்குள் எங்கேயோ ஒரு விளக்கைப் போட்டுவிட்டன. முகம் அப்படி மாறியது. காரின் கதவைத் திறந்து, குனிந்து, அந்தக் கைப்பிடியை ஒற்றை விரலால் தட்டினார்.

“இது யாரு மாட்டினது?”

கொழுந்தன் அவளைப் பார்த்தான். அவள் கணவரையே பார்த்தாள். அவராகவே சொல்வார் என்று ஒரு நப்பாசை.

“அருமையான வண்டி. எவனோ வேலை தெரியாதவன் துளை போட்டுக் கெடுத்து வெச்சிருக்கான்.”

அவள் காருக்குள் நுழைந்து உட்கார்ந்தாள். இப்படிச் செய்யப்போகிறோம் என்று அவளே நினைத்திருக்கவில்லை. அவர் கண்ணெதிரே கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்தாள். விரல்கள் தாமாகப் போய் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்தன. அவர் அதைக் கூர்ந்து கவனித்தார். பட்டறையில் ஒரு சாமானைத் தூக்கிப் பார்க்கும்போது இருக்கும் அதே பார்வை.

“நல்லாத்தான் பொருந்துது. உங்களுக்குன்னே செஞ்சாப்புல இருக்கு,” என்றார். பிறகு வருத்தத்தோடு, “ஆனா எடுத்துடணுங்க. தப்பா நினைக்காதீங்க. வண்டி அசலா இருக்கணும்.”

கொழுந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைத் தனியே கூப்பிட்டு, இதற்கு விலக்கு உண்டு என்று மெதுவாகச் சொன்னான். உடல் குறை உள்ளவர்களுக்காகச் செய்த மாற்றம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தால் கைப்பிடியை விட்டுவைப்பார்கள்; கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும், அந்த அலைச்சலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

“வேண்டாம். எடுத்துடுங்க,” என்றாள்.

அவருடைய சந்தோஷத்துக்காக என்றுதான் அன்று முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். இருக்கிற ஒரே ஞாபகம் அந்தக் கார். அதுவாவது அவர் நினைக்கிறபடி இருக்கட்டும். கேட்கிறவர்களுக்கும் அது நல்ல பதிலாக இருந்தது. ஆனால் சமையலறையில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்போது அவள் கை வேகத்தில் இருந்தது வேறு. மறந்துவிட்டீர்கள் அல்லவா, சரி, முழுசாகவே போகட்டும் என்கிற கோபம். நோயாளியிடம் கோபப்படக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா? ஆயிரம் நோயாளிகளின் ரத்தத்தைப் பார்த்தவள். தெரிந்தும், யார் மேல் போடுவது என்று தெரியாத கோபத்தை ஒரு மரக் கட்டையின் மேல் போட்டாள்.

கைப்பிடியை எடுக்க மெக்கானிக் வந்தார். ஊரில் அவருக்குச் சைலன்சர் என்று பெயர்; வாயை மூடி யாரும் பார்த்ததில்லை என்பதால். வரும்போதே இன்ஜின் ஆயில் விலையில் ஆரம்பித்து, அவர் மருமகன் வாங்கிய புது வண்டியின் கோளாறு வரை வந்துவிட்டார். அந்த வண்டி ஓடுவதைவிடத் தள்ளப்படுவது அதிகம், மருமகனுக்கு அதனாலேயே தொப்பை குறைந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தார். எந்த வேலை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டார்.

“அக்கா, இதோட கம்பிய அண்ணன் என் முன்னாலதான் பத்தவெச்சாரு. பிரிச்சு எடுக்க முடியாது. அறுத்துத்தான் எடுக்கணும். திரும்ப வைக்கணும்னா அவர் மாதிரி யாராலயும் வைக்க முடியாது.”

“அறுத்துடுங்க.”

“நல்லா யோசிச்சிட்டீங்களா?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கணவர் பக்கத்தில் நின்று கை விளக்கைப் பிடித்துக் காட்டினார். அவர் கை நடுங்கியதால் வெளிச்சமும் நடுங்கியது. பக்கத்து இரும்பில் கீறல் விழாமல் பார்க்கும்படி மெக்கானிக்குக்கு நிதானமாகப் புத்தி சொன்னார். அறுவை முடிந்து கைப்பிடி கையோடு வந்ததும், அப்பாடா என்றார். சைலன்சர் துளைகளை அடைத்துப் பூச்சுப் பூசிக் காயவைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். மரக் கைப்பிடியைத் துணியில் சுற்றி யாரிடமும் கொடுக்காமல் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் அதை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல், அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள்.

வண்டியைப் பார்வையிட வந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண். சின்னக் கண்ணாடி ஒன்றைக் காரின் அடியில் நீட்டி நீட்டிப் பார்த்தார். வண்டியின் அடிச்சட்டத்தில் வெட்டியிருந்த எண்ணைத் துணியால் துடைத்துப் படித்தார். ஹெட்லைட், ஜன்னல் கண்ணாடி, இருக்கையின் தையல் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவள் கணவர் பதில் சொன்னார். ஒரு தடுமாற்றம் இல்லை. ஹார்ன் மட்டும் வேறு வண்டியினுடையதோ என்று அதிகாரி சந்தேகப்பட்டபோது, அந்த வருஷத்து வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஹார்ன்தான் என்று வாதாடி ஜெயித்தார். காலையில் செருப்பை எந்தக் காலில் போடுவது என்று கேட்ட மனிதர்.

அதிகாரிக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. போகும்போது அவளிடம் திரும்பி, நீங்களும் இதை ஓட்டுவீங்களா என்று சாதாரணமாகக் கேட்டார்.

“இல்லீங்க,” என்றாள்.

சொன்ன பிறகுதான் அது உண்மையாகிவிட்டது என்பது அவளுக்கு உறைத்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் பொய். அவ்வளவு வருஷம் ஓட்டியதற்கு இப்போது காரிலும் சாட்சி இல்லை, அவரிடமும் சாட்சி இல்லை.

பிளேட்டுகள் வந்த அன்று கொழுந்தனே வந்து முன்னும் பின்னும் திருகி மாட்டினான். கறுப்புப் பரப்பில் வெள்ளி எழுத்து. இந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பழைய வண்டிக்காரர்கள் கூடும் இடத்துக்கும் ஓட்டிப் போகலாம். இனி ஏதாவது சேர்த்தாலோ மாற்றினாலோ பிளேட்டைத் திருப்பி வாங்கிவிடுவார்கள் என்று விவரம் சொன்னான். அண்ணனைக் கட்டிப் பிடித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான்.

அவர் ஒரு துணியை எடுத்து முன் பிளேட்டைத் துடைத்தார். போய்ப் பின் பிளேட்டைத் துடைத்தார். மறுபடி முன்னால் வந்தார். அவள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் தனக்கும் ஒரு பங்கு வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை.

துணியை மடித்துப் பையில் செருகிக்கொண்டு அவர் சாவியை எடுத்தார். ஓட்டுபவர் பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு வந்து, அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து விரல்களை மூடினார். பிறகு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

“என்ன நின்னுக்கிட்டே இருக்கே? ஏறு. வண்டிய எடு.”

இருக்கே. ஏறு. எடு. கதவைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி உட்கார முடிந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தால் போய்விடுமோ என்று. ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு, வண்டி ஏற்கெனவே தெருவில் போய்க்கொண்டிருப்பதுபோல லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாவியைத் திருகினாள். இன்ஜின் ஒரே பிடியில் எழுந்தது. இடது காலைத் தூக்கிக் கிளட்ச் பெடலின் மேல் வைத்தாள். இரண்டு கையாலும் முட்டியை அழுத்தினாள். பெடல் கொஞ்சம்கூட இறங்கவில்லை.

“கால எதுக்கு வைக்கிறே?” என்றார் அவர். குனிந்து பார்த்தார். கியர் தண்டின் பக்கத்தில், பூச்சுப் பூசிய வழவழப்பான இடத்தைக் கையால் தடவினார். இன்னொரு முறை தடவினார். “எங்க அது? யாரு எடுத்தா?”

நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் எடுக்கச் சொன்னவரும் இதோ உட்கார்ந்து கேட்கிறவரும் ஒரே ஆள் என்று அவளால் நம்ப முடியவில்லை.

“நான்தாங்க எடுத்தேன்.”

“ஏன்?”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. அவளையே பார்த்தார். தான் ஆசையாகக் கொடுத்த ஒன்றை வாங்கிக்கொண்டவரே வேண்டாம் என்றுவிட்டால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி. நீங்க என்னை மறந்துட்டீங்க என்று, நினைவு வைத்துக்கொண்டு எதிரில் இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

“கனமா இருந்துச்சா? கை வலிச்சுதா?”

“இல்லீங்க.”

“சொல்லியிருக்கலாம்ல. கம்பிய மாத்தியிருப்பேன்.” அவள் தோளைத் தட்டினார். “சரி விடு. ஞாயித்துக்கிழமை பட்டறை லீவுதான். இன்னும் லேசா ஒண்ணு செஞ்சு தரேன்.”

அவர் கைகள் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. அவள் இன்ஜினை அணைத்தாள்.

“சரிங்க,” என்றாள்.

அவள் ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க நினைத்தாள். பேசப் பேச அவர் இங்கேயே இருப்பார் என்று தோன்றியது. பரிசோதனைக் கூடம், பட்டறை வாசல், வழியில் இருந்த ஒரு வளைவு என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து இறங்கி, வண்டியின் முன்னால் போய் பிளேட்டைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளிடம், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல, சிரித்துக்கொண்டு சொன்னார்.

“நல்லா இருக்குல்லங்க? அப்படியே தொழிற்சாலையில இருந்து வந்தாப்புல.”