ஐந்து கோடும் விழுந்தது

காலை பத்தரைக்கு அவசரப் பிரிவிலிருந்து ஆய்வகத்துக்கு வந்த சிறுநீர்க் குப்பியில் பெயர் இல்லை, எண் மட்டும் ஒட்டியிருந்தது. அடையாளம் தெரியாமல் வருகிறவர்களுக்கு அப்படித்தான். பரிசோதகி போதைப்பொருள் அட்டையை நனைத்து, ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். ஒவ்வொரு போதைப்பொருளுக்கும் ஒரு கோடு; கோடு விழுந்தால் அந்தப் பொருள் இல்லை என்று அர்த்தம். ஐந்து கோடும் விழுந்தன. கணினியில் ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டே கட்டங்கள். ‘இல்லை’யை அழுத்திவிட்டு அடுத்த குப்பியை எடுத்தாள்.

மதியம், வழக்கம்போலச் சாப்பிட்டானா என்று கேட்கத் தம்பிக்குப் போன் செய்தாள். எடுத்தது கீழ்த்தளத்து அவசரப் பிரிவில் இருக்கும் தோழி நர்ஸ்; குரலைக் கேட்டதுமே கண்டுகொண்டாள்.

“அடியே, நீயா? இந்தப் பையன் போன்ல ‘எமன் அக்கா’ன்னு வருதுடி!” சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். “கொஞ்சம் கீழ வாயேன்.”

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. கட்டிலில் தம்பி, கண்மணிகள் விரிந்து, காற்றில் எதையோ பிய்த்துக்கொண்டிருந்தான். தலைமாட்டில் காலைக் குப்பியில் இருந்த அதே எண். பக்கத்தில் அவன் கூட்டாளி, முகம் வெளிறி நின்றான்.

“எல்.எஸ்.டி.ன்னு சொல்லித்தான்க்கா வித்தான். நகம் அளவு காகிதம். ரெண்டு மணி நேரமா ஒண்ணுமே ஆகல. டூப்புடான்னு இவன் இன்னொண்ணையும் போட்டுக்கிட்டான். கத்த ஆரம்பிச்சதும் நான் பயந்து ஓடிட்டேன். இப்பத்தான் திரும்பி வந்தேன்.”

இது எல்.எஸ்.டி. இல்லை என்று அவளுக்குப் புரிந்தது. மெதுவாக ஏறி, ஒரு நாள் முழுக்க இறங்காத சரக்கு. ஆம்பெட்டமின் என்ற ஊக்கப் போதைமருந்தின் குடும்பத்தில் யாரோ மாற்றிச் செய்த ஒன்றாக இருக்கலாம். அப்படிப்பட்டதை அந்த அட்டை பிடிக்காது. காலையிலும் அது அவளுக்குத் தெரியும்.

“போதை இல்லைன்னு உங்க லேப்தானேம்மா எழுதியிருக்கு?” என்றார் டாக்டர். “அதான் மனநலப் பிரிவுக்கு மாத்தச் சொல்லிட்டேன்.”

“அங்க இதயத்துடிப்பு பார்க்குற மெஷின் கிடையாது சார். உடம்பு கொதிக்குது, தொட்டுப் பாருங்க. ரிப்போர்ட்டு தப்பு சார்.”

“தப்புன்னு எழுதிக் கொண்டு வாங்க.”

ஓடினாள். புது அட்டை, அதே குப்பி, அதே ஐந்து கோடு. கணினியில் எழுத இடம் கிடைக்காமல் தாளை அச்சடித்து, ஓரத்தில் பேனாவால் எழுதினாள்: இந்த அட்டைக்கு எல்லாம் தெரியாது.

டாக்டர் அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பெரிய லேபுக்கு அனுப்பினா நாலு நாள் ஆகும். என்னன்னு தெரிஞ்சாலும் முறிவு மருந்து இல்ல. மெஷினோட இங்கேயே இருக்கட்டும். துணியை நனைச்சுப் போட்டுக்கிட்டே இருங்க.”

நனைத்துப் போட்டாள். துணி காய்ந்தது. மறுபடி போட்டாள். மெஷினில் இதயத்துடிப்பு நூற்று நாற்பது, நூற்று ஐம்பது என்று ஏறியது. மூன்று வருடமாகப் பிறர் குப்பிகளைக் கணக்காகப் பார்த்த கைக்கு இப்போது ஈரத்துணியைத் தவிர வேலை இல்லை.

தம்பி அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான். “நர்ஸ், எங்க அக்கா எப்ப வருவா? அவ இதே ஆஸ்பத்திரிதான். அவளுக்குப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.”

“வந்துக்கிட்டே இருக்கா,” என்றாள்.