மூன்றாம் நாளுக்கு முன்பு வரை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. போடியில் என் கடைக்கு அடுத்த கடையில், ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஓர் அண்ணனும் தங்கையும் பேசியதைக் கூட இருந்து கேட்டேன். கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுதத் தொடங்கியதும் நிம்மதியும் இல்லை.

முதல் தொடக்கம்: 'போடிமெட்டு மலைப்பாதையில் அன்று பனி இறங்கி…'

(அடித்துவிட்டேன். அங்கே நடந்த ஜீப் விபத்தை வர்ணிக்க எனக்கு உரிமையில்லை. அந்த அண்ணன் ஜஸ்டினின் மனைவி இவாஞ்சலின் அந்த ஜீப்பில் இறந்துபோனார். அது போதும்.)

2

ஜஸ்டின் ஏலக்காய் வியாபாரி. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போனவர், மனைவியை அடக்கம் செய்தபின் போவதில்லை. கல்லறைக்குக் கல் வெட்டுபவர், "உயிர்த்தெழுதலின் நம்பிக்கையில்" என்று போடட்டுமா என்று கேட்டார். எல்லாக் கல்லிலும் இருக்கும் வரிதான். ஜஸ்டினால் சரி என்று சொல்ல முடியவில்லை. உத்தமபாளையத்தில், கல்லூரியில் வரலாறு நடத்தும் தங்கை ஜெஸ்லினை வரச்சொன்னார்.

"பிரசங்கம் வேணாம்த்தா. நீ படிச்ச படிப்ப வச்சுச் சொல்லு. இயேசுன்னு ஒருத்தர் நெசமா இருந்தாரா?"

"இருந்தாருண்ணே. சாமி நம்பிக்கை இல்லாத ஆய்வாளர்ககூட பெரும்பாலும் ஒத்துக்கிறாக."

"என்ன ஆதாரம்?"

(இங்கே கட்டுரை நுழையப் பார்க்கிறது. ஜெஸ்லினிடமே விட்டுவிடுகிறேன்.)

"ரோமாபுரிக்காரர் ஒருத்தர், கிறிஸ்தவங்கள அறவே பிடிக்காதவரு, பிலாத்துங்கிற ஆளுநர் காலத்துல இயேசுவக் கொன்னாகன்னு எழுதியிருக்காரு. ஒரு யூதர் எழுதுன வரலாறு இருக்கு. அதுல பிற்பாடு யாரோ இடைச்செருகல் செஞ்சிருக்காக. ஆனா இயேசுவோட சகோதரன் யாக்கோபுன்னு வர்ற எடத்தப் பெரும்பாலானவக ஏத்துக்கிறாக. பைபிள்ல கடிதங்கள் எழுதுன பவுலு அந்த யாக்கோபை நேர்லயே பாத்திருக்காரு."

"எல்லாம் செத்தப்புறம் எழுதுனதுதான?"

"ஆமாண்ணே. இருந்தப்ப எழுதுனது ஒண்ணும் கெடைக்கல. ஆனா சிலுவைச் சாவு அன்னைக்குப் பெரிய அவமானம். தன் தலைவனுக்கு அப்படி ஒரு சாவ யாரும் இட்டுக்கட்ட மாட்டாக."

"அப்ப செத்தது நெசம்."

"நெசம்."

"மூணாம் நாளு உசுரோட எந்திரிச்சாருங்கிறது?"

'ஜெஸ்லினின் கண்களில் ஏதோ ஓர்…' (வேண்டாம். அழுதார், அவ்வளவுதான்.)

"உசுரோட பாத்தோம்னு சொன்னவக இருந்தாக. அதுவரைக்குந்தான் என் படிப்பு வரும்ணே. அதுக்கு அங்கிட்டு வராது."

"நீ நம்புறியா?"

"நம்புறேன். மதினிய மறுபடி பாக்கணும்னு நம்புறேனா, நெசம்னு நம்புறேனான்னு கேட்டா எனக்கே தெரியல."

3

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், ஜஸ்டின் அந்த வரியை வெட்டச் சொல்கிறார். வாசிப்பவருக்கு ஆறுதல் கிடைக்கும். எனக்குக் கை வரவில்லை. இன்னொன்றில், பெயர் மட்டும் போதும் என்கிறார். அது வீரம்போல ஒலிக்கிறது. அவர் கேட்டது வீரத்தை அல்ல, மனைவியை.

இதையெல்லாம் கதையாக எழுதலாமா என்று ஜஸ்டினிடமே போய்க் கேட்டேன்.

"எழுதுங்க. அவ பேர மட்டும் மாத்திராதீக. பின்னால ஒரு காலத்துல எவனாச்சும் வந்து, இப்படி ஒருத்தி இருந்தாளான்னு…"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப்போவதில்லை.

கல்லில் எந்த வரி என்பதை நீங்கள் சொல்லுங்கள். இவாஞ்சலின் இருந்தார். அதற்கு மட்டும் நான் சாட்சி.