மீன் மடித்த தாளில் அமெர்லே

ஜேம்ஸ் டவுன் கடற்கரையில், பொரித்த மீனை வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் மடித்தால் சூடு ஆறும்வரை தாள் பேசும். எல்லாத் தாளும் பேசாது. ‘மிஸ்டர் பிரவுன்’ எழுதும் பத்தி மட்டும்தான். கவர்னரின் சொற்பொழிவு அச்சான பக்கம் எண்ணெயைக் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். முதலில் கேட்டவள் மீன் பொரிக்கும் சோச்சோ. ஆங்கிலத்தில் அச்சான தாள் தங்கள் ‘கா’ மொழியில் பேசுவதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறு எந்த மொழியில் பேசினால் அவளுக்குப் புரியும்? அவளை உறுத்தியது வேறு. “மிஸ்டராம், மிஸ்டர்! ஆம்பளைத் தொண்டையாடி இது? நம்ம டீச்சரம்மா அமெர்லே குரலாச்சே!”

உண்மைதான். மிஷன் பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டே அமெர்லேதான் அதை எழுதிவந்தாள். அந்த ஊரில் அதற்குமுன் எந்தப் பெண்ணும் பத்திரிகையில் எழுதியதில்லை. கட்டுரையைக் கொடுக்கும்போதெல்லாம், “இந்த வாரமாவது என் பேரைப் போடுங்கய்யா” என்பாள். எடிட்டர் க்வாட்டே நல்ல மனிதர், ஆனால் சிரிப்பார். “பொம்பளை பேரைப் போட்டா எவன்மா காசு குடுத்து வாங்குவான்? வேணும்னா பிரவுன் சம்சாரம்னு போடட்டுமா?” இப்படியே வருஷங்கள் போயின. கரையில் எல்லோருக்கும் அவள் குரல் தெரியும், அச்சில் பெயர் கிடையாது.

ஒரு மழைக்காலத்தில், ஈ மொய்க்கிறது என்று சொல்லி, சுகாதார இன்ஸ்பெக்டர்கள் பெண்களின் மீன்கூடைகளில் பினாயிலை ஊற்றினார்கள். அமெர்லே எழுதினாள். அந்த வெள்ளிக்கிழமை கரை நெடுகத் தாள்கள் ஒரே குரலில் பேசின. கேட்டவர்கள் நாறிய கூடைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் கமிஷனர் வீட்டு வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பினார்கள். கலகம் மூட்டியதாக மிஸ்டர் பிரவுன் மீது வழக்கு வந்தது.

கோர்ட்டில், பிரவுன் யார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். “நான்தான், துரை” என்று எடிட்டர் எழுந்தார். அவளைக் காப்பாற்றத்தான். அமெர்லே வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலையும் போகாது, ஜெயிலும் இல்லை. ஆனால் அவள் எழுதியதெல்லாம் அவருடையதாகிவிடும். கோர்ட் வாசலில் அடுப்போடு உட்கார்ந்திருந்த சோச்சோ உள்ளே வந்து, சாட்சி மேஜைமேல் கிடந்த பத்திரிகையில் கொதிக்கக் கொதிக்க ஒரு மீனை வைத்து மடித்தாள். தாள் பேசியது. மாஜிஸ்திரேட் காதுக்கு மட்டும் ஆங்கிலத்தில் கேட்டது.

“எடிட்டரய்யா, தொண்டை எப்போ இப்படி மெலிஞ்சுது?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பினூடே அமெர்லே எழுந்தாள். மீதிப் பத்தியைத் தாளோடு சேர்ந்து ஒரு சொல் பிசகாமல் சொல்லி முடித்தாள். “நான் எழுதினது, துரை. பிரவுன்னு யாருமே கிடையாது.”

மாஜிஸ்திரேட் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். வழக்கு பிரவுன் மீது. பிரவுன் என்று யாரும் இல்லை. ஆகவே வழக்கும் இல்லை. இனி எழுதுகிறவர் பெயரைத்தான் போடவேண்டும் என்று எடிட்டரைக் கண்டித்து அனுப்பினார். மிஷன் பள்ளி அமெர்லேயை அந்த வாரமே நிறுத்திவிட்டது. எடிட்டர் தன் மேஜைக்கு எதிரே அவளுக்கு ஒரு மேஜை போட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அடுப்படியில் வந்து நின்றாள். சோச்சோ மடித்தாள். தாள் முதலில் சொன்னது, “அமெர்லே லாம்ப்டி.”

“இன்னொரு மீனு மடிக்கவா, டீச்சரம்மா?”

“மடிங்கக்கா.”

பிற்பாடு அந்தப் பத்திரிகைக்கு அவளே எடிட்டரானாள். தலை நரைத்த பிறகும் எழுதினாள். அவள் காலமான பிறகும் பழைய தாள்கள் பேசத்தான் செய்கின்றன. மீனோடு தின்னும் கென்கி என்ற புளித்த சோளமாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். மீன் ஆறிப்போகிறதே என்று அங்கே யாரும் குறைப்பட்டதில்லை.