திரை அணையவில்லை

அண்ணிக்குத் தண்ணீர் என்றாலே பயம். கரண்ட் மேல் அத்தனை பயமில்லை; பழகிப் பழகி அதன் கோபதாபம் எல்லாம் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால்தான் உள்ளங்கை வியர்க்கும். நாத்தனார் நேரெதிர். தண்ணீரைக் கண்டால் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாத்து என்றே பெயர். இருவரும் சேர்ந்துதான் வயரிங் வேலைக்குப் போய் வந்தார்கள்.

அன்று சாயங்காலம் போனது நீச்சல் குளம் வைத்த வீடு. குளத்து மோட்டார், ஹீட்டர், தண்ணீருக்குள் இருக்கும் விளக்கு எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் பெட்டி மதிலோரம் இருந்தது.

"லைட் எரிஞ்சாலே டிரிப் ஆயிடுதும்மா. லைட் பொத்தானை அமுக்கினாலும் கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரம்மா நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அண்ணி மோட்டாரை மீட்டர் வைத்துப் பார்த்தாள். ஹீட்டரையும் பார்த்தாள். இரண்டிலும் குற்றமில்லை. மிஞ்சியது விளக்கு. அதற்குள் தண்ணீர் புகுந்திருக்க வேண்டும். கழற்றி மேலே எடுத்தால்தான் தெரியும்.

டிரிப் சுவிட்சைக் கீழே தள்ளிக் கரண்டை நிறுத்தினாள். எங்காவது கசிந்தால் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றுகிற சுவிட்ச் அது. பெட்டியின் சின்னத் திரை மட்டும் அணையவில்லை. உள்ளே பேட்டரி வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். கரண்ட் பட்டால் எரிந்து காட்டும் டெஸ்டர் இடுப்புப் பையிலேயே இருந்தது.

"இறங்கட்டுமா? இல்ல, இன்னும் நாலு தடவ அந்த சுவிட்சைத் தடவிப் பார்க்கணுமா?" என்றாள் வாத்து.

"இறங்குடி. வாய்க்கு மட்டும் குறைச்சலில்ல."

வாத்து இடுப்பளவு தண்ணீரில் எதிர்ச்சுவரை நோக்கி நடந்தாள். விளக்கு அங்கே இருந்தது. அதை ஒட்டியே இரும்பு ஏணி. பாதி தூரம் போயிருப்பாள். பெட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம்.

"ஐ! லைட் எரியுது அண்ணி! அதுக்குள்ள சரி பண்ணிட்டீங்களா?"

அண்ணி சுவிட்சைப் பார்த்தாள். கீழேதான் இருந்தது. தண்ணீருக்கடியில் மஞ்சளாக வெளிச்சம் கலங்கியது. விளக்கு தானாக எரிய சாயங்காலத்துக்கு வைத்திருந்த டைமர் தன் வேலையைப் பார்த்துவிட்டது. பேட்டரியாவது மண்ணாவது, கரண்ட் நிற்கவே இல்லை. விளக்குப் பொத்தானை அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். அது கேட்கவில்லை.

"விரல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு அண்ணி" என்று வாத்து சிரித்தாள். "ஏணிப் பக்கமா ஏறி வந்துடறேன்."

தண்ணீரில் கரண்ட் கசிகிறது; இரும்பு ஏணியைத் தொட்டால் ஆளையே அடித்துவிடும். கத்தினால் போச்சு. வாத்து பதறிக்கொண்டு ஓடிப்போய் ஏணியைத்தான் பிடிப்பாள். அண்ணி நில் என்று சொல்லி அவள் என்றைக்கு நின்றிருக்கிறாள்?

"ஏய், அசையாத! என் தோட்டுத் திருகாணி தண்ணில விழுந்துடுச்சு."

"ஐயையோ! தங்கமா?"

"பின்ன, தகரமா? அப்பவே அந்த ஓரமா லைட்டைக் குனிஞ்சு பார்த்தப்ப விழுந்திருக்கு. உனக்கு முன்னாலதான் கிடக்கும், மிதிச்சுடாத. காலைத் தூக்காம, தேய்ச்சுக்கிட்டே பின்னால போ. இன்னும். இன்னும் கொஞ்சம். அங்கயே நின்னு கண்ணால மட்டும் தேடு. தண்ணியக் கலக்கின, கொன்னுடுவேன்."

கடைசிச் சொல் வாயிலிருந்து விழுந்ததும் அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் வாத்து பின்னால் போய் நின்றுவிட்டாள். தங்கம் என்றதும் சிலை மாதிரி நின்றாள்.

அண்ணி வீட்டுக்காரம்மா பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள். "மெயின் சுவிட்ச் எங்கம்மா இருக்கு?"

"மெயினா? அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஏன், என்னாச்சு? சொல்ல மறந்துட்டேன், உங்கள வரச் சொன்னதுக்கப்புறம், நேத்துலேர்ந்து டிரிப்பே ஆகலையே. என் தம்பி வந்து உள்ள ஏதோ ஒரு துண்டு வயர் போட்டுட்டுப் போனான். கெட்டிக்காரன்."

சுவிட்சைத் தாண்டிக் கரண்ட் போக வழி போட்டிருக்கிறான்.

காலடியில் ஈரத் தரை. அண்ணி மரப்பலகை ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். உள்மூடியில் நாலு திருகு. முதல் திருகில் ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. கையைப் புடவையில் துடைத்தாள், மறுபடியும் வியர்த்தது.

"ஒண்ணும் தெரியலையே அண்ணி. லைட்டுக்குப் பக்கத்துல போய்ப் பார்க்கவா? வெளிச்சமா இருக்கும்."

"போகாத! இன்னும் உன் நிழலே கலையல. நில்லு." என்ன உளறுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்றாவது திருகு தரையில் உருண்டது. நாலாவதைக் கழற்ற நேரமில்லை. மூடியை ஒருபக்கமாக வளைத்தாள். சிவப்பு வயர் ஒன்று, முனையில் டேப் கூடச் சுற்றாமல், சுவிட்சின் மேலிருந்து கீழே பாலம் போட்டிருந்தது. கட்டிங் பிளேயரை நுழைத்தாள். மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நறுக்கினாள்.

திரை அணைந்தது. குளம் இருண்டது.

"அட, போச்சே!" என்றாள் வாத்து. "இப்ப எப்படித் தேடறது?"

"திருகாணி வேணாம். இந்தப் பக்கம் படி வழியா ஏறி வா. ஏணியத் தொடாத."

சொட்டச் சொட்ட வந்து நின்றவள் அண்ணியின் காதை உற்றுப் பார்த்தாள். "ரெண்டும் காதுலயேதானே இருக்கு! என்ன விளையாட்டு இது?"

அண்ணி பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாத்து பெட்டியைப் பார்த்தாள். அறுந்து தொங்கிய வயரைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கேயோ போயிற்று.

"சுவிட்ச ஆஃப் பண்ணீங்கல்ல அண்ணி?"

"பண்ணேன். திரை எரிஞ்சுது. பேட்டரின்னு நெனச்சுட்டேன். டெஸ்டர் வச்சுப் பார்க்கல."

வாத்து இரும்பு ஏணியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "சரி, எழுந்திருங்க" என்று ஈரக் கையை நீட்டினாள்.

அண்ணி சட்டென்று பின்வாங்கினாள். பலகையோடு சேர்ந்து நகர்ந்தாள். இடுப்புப் பையில் துழாவி டெஸ்டரை எடுத்து, அதன் முனையை அந்த ஈரக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன அண்ணி, எனக்கேவா?"

டெஸ்டர் எரியவில்லை. இன்னொரு முறை, முழங்கையில் வைத்துப் பார்த்தாள். அப்போதும் எரியவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்தவள், எழுந்து நின்ற பிறகும் விடவில்லை.