பதினான்காம் மேஜை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படைக்கென்ன, அதன் கையில் துப்பாக்கி இருக்கிறது. என் கையில் ஜெபமாலை மட்டும்தான் இருந்தது. சாந்தோமில் எங்கள் தெருமுனைக் குருசடியில் மாதா சுரூபம் ஒன்று உண்டு. மாதா ஒரு பாம்பைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்பார். தெருவே அந்தக் காலைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்யும். நான் மட்டும் மாதாவின் முகத்தைப் பார்த்தபடியே போய், முகத்தைப் பார்த்தபடியே திரும்பி வருவேன். "நம்ம லூயிசாவுக்கு என்ன பக்தி பாருங்க, கண்ணையே எடுக்க மாட்டேங்குறா" என்று பக்கத்து வீட்டில் மெச்சுவார்கள். கண்ணைக் கீழே இறக்கினால் பாம்பு தெரியுமே என்ற பயம் எனக்கல்லவா தெரியும்.

இந்த லட்சணத்தில் எனக்கு டாக்டராக ஆசை.

1971-ல் பி.யூ.சி. மார்க் வந்தபோதே சர்க்கார் மெடிக்கல் காலேஜ் எனக்குக் கிடையாது என்று தெரிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே வாசல்தான். வெளியூரில் ஒரு மிஷன் மெடிக்கல் காலேஜ், தாங்களே நுழைவுத் தேர்வு வைத்து ஆள் எடுப்பார்கள். செவ்வாய்க்கிழமை எழுத்து, புதன் செய்முறை, வியாழன் நேர்முகம். அப்பா ஆம்ப்ரோஸ் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டிலும் அவர் வாத்தியார்தான்.

"இதோ பாரு, ஒரே தடவை. வந்தா டாக்டர். வரலைன்னா டீச்சர் ட்ரெயினிங். உனக்குக் கீழ ரெண்டு பேர் நிக்குறாங்க. வருஷா வருஷம் உன்னைப் பரீட்சைக்கு அனுப்பிட்டு நான் உட்கார்ந்திருக்க முடியாது."

அம்மா அவருக்கு ஒரு படி மேலே. டீச்சர் ட்ரெயினிங் ஃபாரத்தை வாங்கிவந்து, நாலாக மடித்து, திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டாள். அதன் பழுப்பு விளிம்பு சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தினமும் சாயங்கால ஜெபத்தில் நான் ஆண்டவரைப் பார்க்கவில்லை, அந்த விளிம்பைத்தான் பார்த்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், எனக்குப் படிக்கத் தெரியும். பத்து வருஷத்துக் கேள்வித்தாள்களைத் தேடிப் பிடித்தேன். எந்தப் பாடம் எத்தனை தடவை வந்தது என்று கோடு போட்டு எண்ணினேன். முதலில் கேள்வியைப் படிப்பேன், அப்புறம்தான் பாடம். ஒவ்வொரு பாடத்தையும் ஒரு போஸ்ட் கார்டு அளவுக்குச் சுருக்கிவிடுவேன். தவளையின் ரத்த ஓட்டம் போன வருஷம் வந்துவிட்டதா, இந்த வருஷம் வராது, தள்ளு. இதயத்தின் படம் வருமா, கண்ணை மூடிக்கொண்டு போடும்வரை போடு. ராயப்பேட்டையிலிருந்து தினமும் நடந்து வந்து என்னோடு படித்த ஜஹனாராவுக்கு இதெல்லாம் பிடிபடவே இல்லை. அவள் புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பவள். அடிக்குறிப்பைக்கூட விடமாட்டாள்.

"இப்படியே போனா பரீட்சை முடிஞ்ச மறுநாள் உனக்குப் பாடம் முடியும்" என்று கிண்டல் செய்வேன். அவள் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவாள்.

செய்முறைத் தேர்வுக்குச் சென்டர் எங்கள் காலேஜ்தான், மயிலாப்பூரில். கேட்டதும் துள்ளிக் குதித்தேன். விலங்கியல் லேபில் வரிசையாக இருபது மேஜை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு உயிரினத்தை வைத்திருப்பார்கள். இரண்டு நிமிஷத்தில் அது என்னவென்று எழுதி, அடையாளக் காரணமும் எழுத வேண்டும். மணி அடித்தால் அடுத்த மேஜை. விட்ட மேஜைக்குத் திரும்பிப் போக முடியாது. எங்கள் காலேஜில் நடந்தால், உயிரினங்களை ஃபார்மலின் திரவத்தில் போட்டு வைத்திருக்கும் எங்கள் லேப் பாட்டில்கள்தானே வரும்? வருஷம் முழுக்கப் பார்த்த பாட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு அங்க அடையாளம் உண்டு. மூடி விண்டது, மெழுகு ஒழுகியது, கழுத்தில் சணல் கட்டியது, ஃபார்மலின் டீத்தண்ணி நிறத்தில் கலங்கியது. உள்ளே இருப்பதைப் பார்ப்பானேன்? பாட்டிலைப் பார்த்தால் போதுமே.

தேர்வு எழுதுபவர்கள் மட்டும் ஒரு வாரம் லேபில் வந்து படிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. நான் நோட்டும் பென்சிலுமாகப் போய்ப் பாட்டில்களைப் பட்டியல் போட்டேன். பாம்பு அலமாரி வந்ததும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூடிகளை மட்டும் பார்த்தேன். மெழுகு ஒழுகியது கட்டுவிரியன். சணல் கட்டியது ஓநாய்ப் பாம்பு. இந்த இரண்டும்தான் ஆளைக் கவிழ்ப்பவை. இரண்டுக்கும் உடம்பில் வெள்ளைப் பட்டை, பாட்டிலில் கிடந்து நிறம் போனபின் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒன்று கடித்தால் பிழைப்பது கடினம், மற்றது கடித்தால் கழுவித் துடைத்துக்கொண்டு போகலாம். கட்டுவிரியனுக்கு முதுகின் நடுவரிசையில் பெரிய அறுகோணச் செதில்கள் இருக்கும், ஓநாய்ப் பாம்புக்கு இருக்காது. புத்தகத்தில் அந்த வரி எனக்கு மனப்பாடம்.

ஜஹனாரா அலமாரி முன்னால் நின்றுவிட்டாள். லேப் அட்டெண்டர் பவுல்சாமியைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த ரெண்டையும் வெளிய எடுத்துத் தர்றீங்களா? செதிலை எண்ணிப் பார்க்கணும்" என்றாள்.

"இன்னாம்மா நீ, வாடைல கண்ணு எரியும். பரவால்லியா?" என்றபடி அவர் மூடியில் கை வைத்தார்.

பாட்டிலுக்குள் செத்துக் கிடந்தவரைக்கும் அது பாட்டில். வெளியே வந்தால் பாம்பு. ஜஹனாராவின் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்தேன்.

"உனக்கென்ன பைத்தியமா? ஒரு பாம்புக்கு அரை நாளா? இன்னும் தாவரவியல் முழுசா கிடக்கு. மூடியைப் பார்த்து வச்சுக்கோ, முடிஞ்சுது வேலை."

"மூடி கடிக்காதுடி லூயி" என்றாள். ஆனாலும் வந்துவிட்டாள். என் பயத்துக்கு நான் அன்று நேர மிச்சம் என்று பேர் வைத்தேன். அதை அவள் நம்பினாள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை எழுத்துத் தேர்வு வெண்ணெயாகப் போனது. நான் கோடு போட்டு எண்ணிய கேள்விகளில் முக்கால்வாசி வந்திருந்தன. புதன்கிழமை காலை மாதாவின் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கச்சேரி ரோடு வழியாகக் கிட்டத்தட்ட ஓடினேன். லேப் வாசலில் பவுல்சாமி கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். கை முழுக்க ஃபார்மலின் வாடை.

"வெளியூர்லேர்ந்து வந்தவங்க நேத்தே ஆர்டர் போட்டுட்டாங்கம்மா. பாட்டில் ஒண்ணுகூட வேணாமாம். அல்லாத்தையும் எட்த்துக் கழுவித் தட்டுல வச்சிகீது" என்றார்.

அவர் சொன்னது காதில் விழுந்தது. மூளைக்குப் போகவில்லை. உள்ளே நுழைந்து முதல் மேஜையைப் பார்த்தபிறகுதான் போனது. வெள்ளைப் பீங்கான் தட்டு, பக்கத்தில் இடுக்கி, பூதக்கண்ணாடி. என் நோட்டில் இருந்த ஐம்பத்திரண்டு மூடிகளும் எங்கோ அலமாரியில், காலிப் பாட்டில்களோடு கிடந்தன.

மணி அடித்தது. நட்சத்திர மீன், அதற்கு மூடி வேண்டாம். மணி. கடல் வெள்ளரி. மணி. ஏதோ ஒரு புழு, ஆணா பெண்ணா என்று தெரியாமல் பெண் என்று எழுதினேன். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே, முன்னால் மீதியிருக்கும் மேஜைகளை எண்ணிக்கொண்டே போனேன். எதில் இருக்கிறது? எட்டில் இல்லை. பத்தில் இல்லை. பன்னிரண்டில் மணி அடித்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. பதிமூன்றாம் மேஜையில் ஒரு நண்டு. அதற்கு அடுத்த தட்டில் நீளமாக ஏதோ சுருண்டிருப்பது ஓரக்கண்ணில் பட்டது. நண்டைப் பற்றி என்ன எழுதினேன் என்று இன்றுவரை தெரியாது.

பதினான்காம் மேஜை. பட்டை போட்ட பாம்பு, பஞ்சின் மேல், ஈரம் மினுங்க. இடுக்கியால் புரட்டி, கண்ணாடியை வைத்து, முதுகைப் பார்த்தால் போதும். பத்து வினாடி வேலை. என் கை இடுக்கிவரை போனது. விரல்கள் மடங்க மறுத்தன. அது அசைந்ததுபோல இருந்தது. அசையவில்லை என்று எனக்கே தெரியும், இருந்தாலும் அசைந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திருஇருதயப் படத்துக்குப் பின்னாலிருந்த பழுப்பு விளிம்பு தெரிந்தது. பரீட்சை வைப்பவர்கள் விஷப்பாம்பைத்தான் வைப்பார்கள் என்று என் கோடு போடும் புத்தி சொன்னது. கண்ணைத் தாளில் மட்டும் திறந்து எழுதினேன்: கட்டுவிரியன். காரணம்: முதுகின் நடுவில் பெரிய அறுகோணச் செதில்கள் காணப்படுகின்றன. மணி அடித்தது.

வெளியே வந்ததும் ஜஹனாராவைப் பிடித்துக்கொண்டேன். "பதினாலு என்னடி?"

"ஓநாய்ப் பாம்பு. நடுச்செதில் எல்லாம் சின்னது."

"பார்த்தியா?"

"பார்த்தேன். முன்னாடியே ஒருநாள் தனியா வந்து பவுல்சாமி அண்ணன்கிட்ட கேட்டு ரெண்டையும் எண்ணிப் பார்த்துட்டுப் போயிருந்தேன்." கொஞ்சம் தயங்கினாள். "உனக்குப் பயம்னு தெரியும். அதான் உன்னைக் கூப்பிடலை."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவளிடம் பேசாமல் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தேன். ஒரு மேஜை போனால் போகட்டும், இருபதில் ஒன்றுதானே என்று வழியெல்லாம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழன் நேர்முகத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெள்ளைப் புடவை கட்டிய டாக்டரம்மா. அவர் கையில் என் விடைத்தாள்.

"லூயிசா, உன் எழுத்துப் பரீட்சை ரொம்ப நல்லா இருக்கு. இதுவரைக்கும் வந்தவங்கள்ல உன் மார்க்தான் அதிகம்" என்று தமிழிலேயே சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. சீட்டைக் கையில் வாங்கிவிட்டதுபோலவே இருந்தது. அவர் தாளைத் திருப்பினார்.

"பதினாலாம் மேஜை. கட்டுவிரியன்னு எழுதியிருக்கே. தப்பு. பரவாயில்ல, பாதிப் பேர் தப்பாத்தான் எழுதினாங்க. ஆனா அறுகோணச் செதில்கள் காணப்படுகின்றனன்னு எழுதியிருக்கியே, அது எங்கம்மா காணப்பட்டுச்சு?"

பொய் ஒன்றும் கைவசம் இல்லை. "புத்தகத்துல" என்றேன்.

ஓரத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "பாம்பு கடிச்ச பிள்ளையைத் தூக்கிட்டு ஒரு தாய் வருவா. அடிச்ச பாம்பையும் பையில போட்டுக் கொண்டுவருவா. இது விஷமா இல்லையாம்மான்னு உன்னைக் கேட்பா. அப்பவும் புத்தகத்துல பார்த்ததைத்தான் சொல்லுவியா?"

"இல்ல மேடம்."

"சரி. இப்ப பாரு." பக்க மேஜையில் துணி மூடிய தட்டு இருந்தது. அவரே எழுந்து துணியை எடுத்தார். "அவசரமே இல்ல. மணியெல்லாம் அடிக்க மாட்டோம். நிதானமாப் பார்த்துச் சொல்லு."

எழுந்து நின்றேன். ஒரு அடி வைத்தேன். ஃபார்மலின் வாடை வந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த அடிக்குக் கால் வரவில்லை. சீட்டு அந்தத் தட்டில்தான் இருக்கிறது என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் கண் திறக்கவில்லை. பின்னால் நகர்ந்ததில் நாற்காலி உருண்டு விழுந்தது. துணியைத் திரும்ப மூடும் சத்தம் கேட்டது.

"பயமா இருந்துச்சு, பார்க்கலைன்னு எழுதியிருக்கலாமேம்மா" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது, வருந்துகிறோம் என்று. ஜஹனாராவுக்கும் வந்தது, அவளை வரச்சொல்லி. ராயப்பேட்டையிலிருந்து ஓடி வந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கடிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அம்மா நாற்காலி போட்டு ஏறி, படத்துக்குப் பின்னாலிருந்து ஃபாரத்தை எடுத்து, முந்தானையால் தூசி தட்டி, என் முன்னால் வைத்தாள். மடிப்பை நீவிவிட்டு அன்றைக்கே எழுதி முடித்தேன்.

சாயங்காலம் குருசடிக்குப் போனேன். கும்பிடத் தோன்றவில்லை, சண்டை போடத்தான் போனேன். வழக்கம்போல மாதாவின் முகத்தைப் பார்த்தேன். பிறகு, இனிமேல் பயந்து என்ன ஆகப்போகிறது என்று, கண்ணைக் கீழே இறக்கினேன். சுரூபத்தைச் சுற்றியிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

சுண்ணாம்பில் செய்து பச்சைப் பெயிண்ட் அடித்த பாம்பு. மாதாவின் காலைத் தொட வந்த கைகள் பட்டுப் பட்டு அதன் தலையும் முதுகும் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தன. விரலை வைத்து முதுகில் தடவிப் பார்த்தேன். எண்ணுவதற்கு ஒரு செதில்கூட இல்லை. இதைப் பார்க்க எனக்குப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது, ஒரு சீட்டும் போயிருந்தது.